ஏமாற்று மென்பொருளுக்குத் தடை வேண்டும். தடைக்குரிய காரணமும் சொல்லப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி விளையாட்டுகளில் ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்துவோரின் கணக்குகளை விளையாட்டு நிறுவனங்கள் முடக்குவது சரியா என்ற கேள்விக்குத் தங்கள் வாசகர் பகுதியில் வந்த மறுமொழிகளைப் படித்தேன். அவற்றுள் பெரும்பாலானவை இரண்டே நிலைகளில் நின்றன. காசு கொடுத்து வாங்கியவர் தம் விருப்பம்போல் ஆடலாம், அதில் தலையிட நிறுவனத்துக்கு உரிமையில்லை என்றது ஒரு தரப்பு. ஏமாற்றியவர் யாராக இருந்தாலும் வாழ்நாள் முழுவதும் வெளியே நிற்கட்டும், அவரிடம் விசாரணை எதற்கு என்றது மறுதரப்பு. பல ஆண்டுகளாக இவ்விளையாட்டுகளை ஆடியும் அவற்றைப் பற்றிய வழக்குகளையும் அறிவிப்புகளையும் தொடர்ந்து படித்தும் வருகிறவன் என்ற முறையில், இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஏமாற்றுவோரைத் தடை செய்வது நிறுவனத்தின் உரிமை மட்டுமன்று, கடமை. ஆனால் அந்தத் தடை எதற்காக என்று தடை செய்யப்பட்டவருக்குச் சொல்லாமலும், அவர் மறுப்பைக் கேட்காமலும் விதிக்கப்படும் வழக்கம் பெரும் அநீதி. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதால் இக்கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

முதலில், இந்த மென்பொருள்கள் செய்வது என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் ‘எய்ம்பாட்’ எனப்படுவது, ஆட்டக்காரர் குறிபார்க்கத் தேவையில்லாதபடி, எதிராளியின் தலையை நோக்கித் தானே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறது. ‘வால்ஹேக்’ சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பவரைத் திரையில் காட்டிவிடுகிறது. இது எப்படி இயல்கிறது என்றால், ஆட்டம் தடங்கலின்றி நகர்வதற்காக, எதிராளிகள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்ற விவரத்தைச் சர்வர் ஒவ்வோர் ஆட்டக்காரரின் கணினிக்கும் சற்று முன்னதாகவே அனுப்பி வைக்கிறது. அந்த விவரம் திரையில் தெரியாமல் கணினியின் நினைவகத்தில் கிடக்கிறது. ஏமாற்று மென்பொருள் நினைவகத்துக்குள் புகுந்து அதைப் படித்துக்கொள்கிறது. அதாவது, மற்றவர்கள் கண்ணையும் காதையும் பழக்கத்தையும் நம்பி ஆடிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் எல்லோருடைய இருப்பிடமும் குறித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்.

‘என் கணினியில் நான் எதை நிறுவினால் உங்களுக்கென்ன’ என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. பப்ஜி போன்ற விளையாட்டில் ஓர் ஆட்டத்துக்கு 100 பேர் வரை இறங்குகிறார்கள். ஒருவர் எய்ம்பாட் வைத்திருந்தால் மற்ற 99 பேரின் அரைமணி நேரமும் வீணாகிறது. அந்த 99 பேரும் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள்தாம். அவர்களுக்கு நேர்மையான ஓர் ஆட்டத்தைத் தருவதாகச் சொல்லித்தான் நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. இது ஒரு சிலர் செய்யும் சில்லறைக் குறும்பு என்று எண்ணுவோர், 2018 ஜனவரி மாதத்தில் மட்டும் பப்ஜியில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டதாக அவ்விளையாட்டுக்கு ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை வழங்கிய ‘பேட்டில்ஐ’ நிறுவனம் அறிவித்ததை நினைவுகூர வேண்டும்.

கெட்டுப்போகும் ஆட்டங்களைக் காட்டிலும் ஆழமான கேடு இன்னொன்று உண்டு. ஏமாற்றுவோர் பெருகிய விளையாட்டில் எவரும் எவரையும் நம்புவதில்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் பயிற்சி செய்து திறமை பெற்ற ஒருவர் ஒரு கடினமான குறியை அடித்தால், மறு நொடியே ‘ஹேக்கர்’ என்று அவரைத் திட்டிப் புகார் செய்கிறார்கள். நன்றாக ஆடுவதே சந்தேகத்துக்குரிய செயலாகிவிடுகிறது. தோற்றவர் தம் தவறு என்ன என்று யோசிப்பதை நிறுத்திவிடுகிறார். எதிரில் இருந்தவர் ஏமாற்றியிருப்பார் என்ற விடை எப்போதும் தயாராக இருக்கிறது. கற்றுக்கொள்ளும் ஆசையையே இது அரித்துவிடுகிறது. எனக்கு மிகுந்த வேதனை தருவது இதுதான்.

போட்டிகளில் நேரும் இழப்பு இன்னும் கண்கூடானது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியொன்றில், ஓர் இந்திய அணியின் வீரர் ஆட்டத்தின் நடுவிலேயே ஏமாற்று மென்பொருளுடன் பிடிபட்டார். சாதாரண ஆவணக் கோப்பைப் போன்ற பெயரில் அதை ஒளித்து வைத்திருந்தார். அணி போட்டியிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் கலைக்கப்பட்டது. அவருக்கு 5 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அவரோடு சேர்ந்து ஆடிய மற்ற நால்வரும் தங்கள் இடத்தை இழந்தார்கள். ‘யாருக்கும் நஷ்டமில்லாத விளையாட்டுத்தனம்’ என்று ஏமாற்று மென்பொருளுக்குப் பரிந்து பேசுவோர் அந்த நால்வரையும் எண்ணிப் பார்க்கட்டும்.

இதன் பின்னணியில் பெருந்தொழில் ஒன்று இயங்குகிறது என்பதையும் பலர் அறியமாட்டார்கள். 2021-ல் சீன விளையாட்டு நிறுவனமான டென்சென்டின் உதவியோடு சீனக் காவல்துறை பிடித்த ஒரு கும்பல், பல நாடுகளிலுள்ள ஆட்டக்காரர்களுக்கு ஏமாற்று மென்பொருளைச் சந்தா முறையில் விற்று ஏறத்தாழ 7.6 கோடி டாலர் ஈட்டியிருந்தது; விலையுயர்ந்த கார்கள் உட்பட 4.6 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. தென்கொரியா 2016-ன் இறுதியில் தன் விளையாட்டுத் துறைச் சட்டத்தைத் திருத்தி, இத்தகைய மென்பொருளை உருவாக்கிப் பரப்புவோரைச் சிறையாலோ அபராதத்தாலோ தண்டிக்க வழி செய்தது. அமெரிக்காவில் 2024-ல், ‘கால் ஆஃப் டியூட்டி’ விளையாட்டை வெளியிடும் ஆக்டிவிஷன் நிறுவனம் ஏமாற்று மென்பொருள் விற்ற ஒரு குழுவுக்கு எதிராக 1.4 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டுத் தீர்ப்பைப் பெற்றது. ஆனால் இவையெல்லாம் விற்பவரைத் தண்டிக்கும் வழிகள். வாங்குவோர் இருக்கும்வரை ஒரு கடை மூடினால் இன்னொரு கடை திறக்கும். வாங்கியவரின் கணக்கு போய்விடும், அதில் சேர்த்த தரவரிசையும் பொருள்களும் போய்விடும் என்ற அச்சம் ஒன்றுதான் வாங்கும் ஆசையைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே தடையை ஒரு கருவியாக நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆயினும், தடையின் நியாயம் எங்கிருந்து பிறக்கிறதோ அங்கேயே அதன் எல்லையும் இருக்கிறது. பிறருக்குக் கேடு என்பதே அதன் நியாயம் என்றால், பிறர் எவரும் இல்லாத ஆட்டத்தில் தடைக்கு இடமில்லை. தனியாக ஆடும் ஒருவர், கடினமான ஒரு கட்டத்தைத் தாண்டுவதற்காகத் தம் உயிர்க் கணக்கைக் கூட்டிக்கொண்டால் யாருக்கு என்ன இழப்பு? 1986-ல் ‘கிரேடியஸ்’ விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றிய கொனாமி நிறுவனத்தின் பொறியாளரே, சோதித்துப் பார்க்கும்போது ஆட்டம் மிகக் கடினமாக இருந்ததால், பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் எல்லா ஆயுதங்களும் கிடைக்கும்படி ஒரு குறுக்குவழியை உள்ளே வைத்தார். அதன்பின் பல தலைமுறை விளையாட்டுகளில் இத்தகைய குறுக்குவழிகள் தயாரிப்பாளர்களாலேயே வைக்கப்பட்டன; ஆட்டக்காரர்கள் அவற்றைப் பகிர்ந்து மகிழ்ந்தார்கள். உடல் இயக்கத்தில் சிரமம் உள்ள பலருக்கு இவ்வகை உதவியின்றி ஒரு விளையாட்டை முடிக்கவே இயலாது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், சோனி தொடுத்த வழக்கில், விளையாட்டின் மூலநிரலைத் தொடாமல் ஆட்டம் நடக்கும்போது நினைவகத்தில் குறித்துவைக்கப்படும் எண்களை மட்டும் மாற்றும் மென்பொருள், கணினி நிரல்களுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பை மீறுவதாகாது என்று தீர்ப்பளித்தது. தனியாட்டத்தில் செய்த மாற்றத்துக்காகக் கணக்கை முடக்குவது, என் பார்வையில், கேடு இல்லாத இடத்தில் தண்டனையைக் கொண்டுபோய் வைப்பதாகும்.

இத்தகைய தீர்ப்புகள் வேறொன்றையும் உணர்த்துகின்றன. அமெரிக்காவில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டைத் தானே ஆடிக்கொள்ளும் ‘கிளைடர்’ என்ற மென்பொருள் குறித்த வழக்கில், 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதைப் பயன்படுத்தும் ஆட்டக்காரர் நிறுவனத்தின் விதியை மீறுகிறார், அதாவது ஒப்பந்தத்தை மீறுகிறார், ஆனால் அதனாலேயே பதிப்புரிமையை மீறியவராகிவிடமாட்டார் என்ற நிலையை எடுத்தது. ஆக, சாதாரண ஆட்டக்காரர் செய்யும் ஏமாற்று வேலை பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை. நிறுவனத்துக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரமாகவே அது நின்றுவிடுகிறது. அந்த ஒப்பந்தத்தை எழுதியது நிறுவனம். மீறப்பட்டதாகக் குற்றம் சாட்டுவதும், சான்றைப் பரிசீலிப்பதும், தீர்ப்புச் சொல்வதும், தண்டனையை நிறைவேற்றுவதும் அதே நிறுவனம். இவ்வளவு அதிகாரம் ஒரே கையில் சேரும்போது, அந்தக் கை தவறு செய்தால் திருத்துவதற்கு வழி உண்டா என்று கேட்பது ஏமாற்றுவோருக்குப் பரிந்து பேசுவதாகாது.

தவறுகள் நடந்திருக்கின்றன. 2010 ஜூலையில், கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வேல்வ் நிறுவனம், ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ ஆடிய ஏறத்தாழ 12,000 பேரின் கணக்குகளை ஏமாற்றுக் குற்றத்துக்காக முடக்கியது. அவர்கள் எவரும் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. விளையாட்டின் கோப்புகள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, வட்டில் இருந்த கோப்புக்கும் நினைவகத்தில் இருந்த பிரதிக்கும் இடையே தோன்றிய வேறுபாட்டைத் தடுப்பு மென்பொருள் ஏமாற்று வேலை என்று பிழையாகக் கணித்துவிட்டது. நிறுவனத்தின் தலைவர் தம் பெயரிலேயே வருத்தம் தெரிவித்து, தடைகளை நீக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு வேறொரு விளையாட்டை இலவசமாகவும் வழங்கினார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் அவர்கள் 12,000 பேராக இருந்ததால்தான் அந்தப் பிழை கண்ணில் பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே பிழை 12 பேருக்கு நேர்ந்திருந்தால், அந்தப் பன்னிரண்டு பேரின் மறுப்பும் ‘எல்லா ஏமாற்றுக்காரர்களும் இப்படித்தான் சொல்வார்கள்’ என்ற ஒரு வரியில் முடிந்திருக்கும்.

2023 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் தன் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கான மென்பொருளில், திரையில் ஏற்படும் தாமதத்தைக் குறைக்கும் ஒரு புதிய வசதியைச் சேர்த்தது. அந்த வசதி விளையாட்டின் உள்நிரலைத் தொட்டதால், அதை இயக்கியவர்களின் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கணக்குகள் முடக்கப்பட்டன. கணினியின் உதிரிப்பாகத்தைத் தயாரித்த நிறுவனமே தந்த வசதியைச் சொடுக்கியதுதான் அவர்கள் செய்த குற்றம். பிறகு ஏஎம்டி அவ்வசதியைத் திரும்பப் பெற்றது; வேல்வும் பாதிக்கப்பட்டோரை அடையாளம் கண்டு தடைகளை நீக்க முன்வந்தது. 2024 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனம் இன்னும் கவலைக்குரிய ஒன்றை ஒப்புக்கொண்டது. கால் ஆஃப் டியூட்டியின் தடுப்பு அமைப்பில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, குற்றமற்ற ஆட்டக்காரர்களைத் தடை செய்ய வைக்க முடிந்திருக்கிறது. ஏமாற்றுவோரைப் பிடிக்க வைத்த பொறியையே நேர்மையானவரின் மீது திருப்ப முடியும் என்றால், பொறி சொல்வதைக் கேள்வியின்றித் தீர்ப்பாக ஏற்பது எப்படி?

இப்படித் தவறாகத் தடை செய்யப்பட்டவரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்டீம் தளத்தில் ஒருவருக்கு ஏமாற்றுத் தடை விதிக்கப்பட்டால் அந்தச் செய்தி அவருடைய பக்கத்தில் எல்லோரும் காணும்படி நிற்கிறது. நண்பர்கள் விலகுகிறார்கள், குழுக்கள் சேர்த்துக்கொள்ள மறுக்கின்றன. மேல்முறையீடு எழுதினால், பல நிறுவனங்களிடமிருந்து சில நிமிடங்களில் வருவது ‘பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை, இனி இது குறித்து எழுத வேண்டாம்’ என்ற பொருள்படும் அச்சடித்த பதில். எந்த நாள், எந்த ஆட்டம், எந்த மென்பொருள் என்ற ஒரு விவரமும் அதில் இராது. எனக்கு நன்கு தெரிந்த இளைஞர் ஒருவருக்கு இவ்வாறே ஒரு பதில் வந்தது. அவர் ஏமாற்றினாரா இல்லையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது; நிறுவனம் சொன்னதை வைத்து எவராலும் சொல்ல முடியாது. சான்று காட்டப்படாத தீர்ப்பில் குற்றவாளியும் நிரபராதியும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றுகிறார்கள். உண்மையில் ஏமாற்றியவருக்கு இதைவிட வசதியான திரை வேறில்லை. தாமும் தவறாகத் தண்டிக்கப்பட்டவரே என்று அவர் கூசாமல் சொல்லிக்கொள்ளலாம்.

நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் விடையை நியாயமாக எடுத்துரைப்பது என் கடமை. சான்றை வெளியிட்டால், தங்கள் தடுப்பு மென்பொருள் எதைக் கவனிக்கிறது என்பது ஏமாற்று மென்பொருள் தயாரிப்போருக்குத் தெரிந்துவிடும், மறுநாளே அவர்கள் அதைத் தப்பும் வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறார்கள். இது பொய்யான அச்சமன்று. இதே காரணத்தால்தான் பல நிறுவனங்கள் ஏமாற்றியவரைக் கண்டறிந்த அன்றே தடை செய்யாமல், வாரக்கணக்கில் காத்திருந்து ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கணக்குகளை முடக்குகின்றன. எந்தச் செயலால் பிடிபட்டோம் என்பது அப்போது ஊகிக்கக் கடினமாகிவிடுகிறது. இம்முறையையும் நான் குறைசொல்லவில்லை.

ஆனால் சான்றின் தன்மையைச் சொல்வது வேறு, அதைப் பிடித்த நுட்பத்தைத் திறந்து காட்டுவது வேறு. 2023 பிப்ரவரியில் வேல்வ் நிறுவனமே இதற்கு நல்ல முன்மாதிரியைக் காட்டியது. டோட்டா 2 விளையாட்டில், நேர்மையாக ஆடுவோரின் கணினியில் எக்காலத்திலும் படிக்கப்படாத ஒரு தகவல் பகுதியை அது பொறியாக வைத்தது. ஏமாற்று மென்பொருள் மட்டுமே அந்தப் பகுதியைப் படிக்கும். அவ்வாறு படித்த 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்துவிட்டு, ஏன் இத்தடை ஐயத்துக்கு இடமற்றது என்பதை எல்லோருக்கும் புரியும்படி வெளிப்படையாக எழுதியது. அவ்விளக்கத்தைப் படித்த எந்த நேர்மையான ஆட்டக்காரருக்கும் நிறைவு ஏற்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் இவ்வளவு சொல்ல இயலாமல் போகலாம். தடை செய்யப்பட்டவருக்கு, குற்றம் நடந்ததாகக் கருதப்படும் நாள், ஆட்டம், அது நினைவகத்தைப் படித்ததா, நிரலை மாற்றியதா, மனிதக் கைகளுக்கு இயலாத அசைவா என்ற வகை, இந்த அளவாவது சொல்வதால் எந்த இரகசியமும் கசியாது. ஆட்டத்தின் பதிவு இருந்தால் அதையும் அவருக்குக் காட்டலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் 2013 முதல் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே புகாருக்குள்ளானவரின் ஆட்டப் பதிவைப் பெயர் தெரியாமல் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒரு முறை பல ஆண்டுகள் நடந்தது. பிறர் பார்க்கக் கூடியதைத் தண்டிக்கப்பட்டவர் பார்க்கக் கூடாது என்பதற்கு நியாயம் ஏதுமில்லை.

வெளியிட இயலாத நுட்பச் சான்றைப் பொறுத்தவரை, நிறுவனத்தைச் சாராத ஒரு பரிசீலகர் அதை இரகசியமாகப் பார்த்து, தடை தாங்குமா தாங்காதா என்று மட்டும் சொல்லலாம். உடல்திறன் விளையாட்டுகளில் ஊக்கமருந்து விவகாரத்தை இவ்வாறுதான் கையாள்கிறார்கள். அங்கே விதிகள் மிகக் கடுமையானவை. வேண்டுமென்றே ஊக்கமருந்து எடுத்தவருக்கு முதல் முறையே 4 ஆண்டுத் தடை உண்டு. ஆயினும் மாதிரி இரண்டாகப் பிரித்து வைக்கப்படுகிறது, இரண்டாவது மாதிரியைச் சோதிக்கக் கேட்கும் உரிமை வீரருக்கு உண்டு, முடிவில் 1984 முதல் இயங்கிவரும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை அவர் முறையிடலாம். இவ்வளவு வழிகள் இருப்பதால் ஊக்கமருந்துத் தடையின் கடுமை குறையவில்லை. தண்டிக்கப்பட்டவர் ஏமாற்றியவர்தாம் என்று உலகம் நம்புவதற்கு இந்த வழிகளே காரணம். கணினி விளையாட்டில் ஆட்டக்காரர் எண்ணிக்கை கோடிக்கணக்கில் என்பதால் அதே ஏற்பாட்டை அப்படியே கொண்டுவர முடியாது என்பதை அறிவேன். ஆயினும் நிரந்தரத் தடை என்ற மிகக் கடுமையான தண்டனைக்காவது ஒரு மனிதர் படித்து எழுதிய பதில் கிடைக்க வேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கையாகாது.

தண்டனையின் அளவு குறித்தும் சில சொல்ல வேண்டும். வேல்வ் நிறுவனம் 2002-ல் தன் தடுப்பு முறையைத் தொடங்கியபோது தடை 24 மணி நேரமே நீடித்தது. பின்னர் அது ஆண்டுகளாக நீண்டு, 2005-ல் நிரந்தரமானது. ஆனால் அதே நிறுவனம் 2021-ல், தன் ஆதரவில் நடக்கும் போட்டிகளில் சேருவதற்கு, 5 ஆண்டுக்கு முற்பட்ட தடை பொதுவாக இனிக் குறுக்கே நிற்காது என்று விதியைத் தளர்த்தியது. சிறுவயதில் செய்த பிழைக்காக ஒருவரின் தொழில் வாழ்வு முழுவதும் மூடப்படக் கூடாது என்ற எண்ணத்துக்கு இது இடம் தருகிறது. நான் அதை மனமார வரவேற்றேன். ஏமாற்றுவோரில் எத்தனையோ பேர் பள்ளி மாணவர்கள். 2017-ல் எபிக் நிறுவனம் ஃபோர்ட்நைட் ஏமாற்று மென்பொருள் தொடர்பாக வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் 14 வயதுச் சிறுவர் என்பது பின்னர் தெரியவந்து, அவருடைய தாயே நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. சிறுவர்களுக்கு முதல் முறை காலவரையறை உள்ள தடையும், மீண்டும் செய்தால் நிரந்தரத் தடையும் போதுமானவை. பணம் வாங்கிக்கொண்டு பிறர் கணக்கை ஏமாற்று மென்பொருளால் உயர்த்தித் தருபவருக்கும், பரிசுப் போட்டியில் ஏமாற்றும் வயதுவந்தவருக்கும் இந்தச் சலுகை தேவையில்லை.

தடை எதைப் பறிக்கிறது என்பதும் முக்கியம். ஒரு விளையாட்டில் செய்த குற்றத்துக்காக, அதே கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பிற விளையாட்டுகள் அனைத்தையும் பூட்டுவதை ஏற்க முடியாது. ஸ்டீமில் ஏமாற்றுத் தடை பெற்றவர் அந்த விளையாட்டின் பாதுகாக்கப்பட்ட சர்வர்களில் ஆட முடியாது. ஆனால் தனியாக ஆடலாம், வாங்கிய மற்ற விளையாட்டுகளும் அவரிடமே இருக்கும். இதுவே சரியான அளவு. கணக்கோடு நில்லாமல் கணினியையே அடையாளம் கண்டு தடை செய்யும் முறையைச் சில நிறுவனங்கள் கையாளுகின்றன. மீண்டும் மீண்டும் புதுக் கணக்கு தொடங்கி வருபவரைத் தடுக்க அது உதவும் என்பது உண்மை. ஆனால் அண்ணனும் தங்கையும் ஒரே கணினியில் ஆடும் வீட்டில் அண்ணன் செய்த குற்றம் தங்கையையும் வெளியேற்றும். பழைய கணினியை வாங்கியவர், தாம் அறியாத ஒருவர் செய்த குற்றத்தைச் சேர்த்து வாங்கியவராவார். இத்தகைய தடைக்குக் காலவரையறை கட்டாயம் வேண்டும்.

தடைக்குப் பதிலாக வேறு வழிகளையும் நிறுவனங்கள் முயன்றிருக்கின்றன. 2012-ல் ‘மேக்ஸ் பெய்ன் 3’ விளையாட்டில் ஏமாற்றுவோரைத் தனியே பிரித்து ஒருவரோடு ஒருவர் ஆடவிட்டார்கள். 2020-ல் ‘ஃபால் கைஸ்’ விளையாட்டிலும் அத்தகைய ஏற்பாடு இருந்தது. கால் ஆஃப் டியூட்டியில் ஏமாற்றுபவரின் குண்டுகள் எவரையும் காயப்படுத்தாதபடி செய்துவிடுகிறார்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தைக் காப்பாற்ற இந்தக் கடைசி முறை பயன்படும். ஆனால் ஒருவருக்குத் தெரியாமலேயே அவரைத் தண்டிப்பது தடையைவிட மோசமான இடத்துக்கு இட்டுச்செல்லும் என்று அஞ்சுகிறேன். தடை செய்யப்பட்டவர் முறையிடவாவது முடியும். தண்டனை நடப்பதே தெரியாதவர் எதை முறையிடுவார்?

ஏமாற்றுத் தடுப்பு என்ற பெயரில் கணினியின் ஆழத்துக்குள் இறங்கும் மென்பொருள்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். இங்கே சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். 2020-ல் வேலரண்ட் விளையாட்டுடன் வந்த ‘வான்கார்ட்’ கணினி தொடங்கும்போதே தானும் இயங்கத் தொடங்கி, இயங்குதளத்தின் உட்கருவில், அதாவது கணினி முழுவதையும் கட்டுப்படுத்தும் பகுதியில், அமர்கிறது. இவ்வளவு அணுக்கம் பெற்ற மென்பொருள் கெட்ட கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2013-ல் ஒரு போட்டி நிறுவனத்தின் தடுப்பு மென்பொருளே ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்களின் கணினிகளில் அவர்களுக்குத் தெரியாமல், அக்கணினிகளின் திறனைக் கொண்டு பிட்காயின் என்ற எண்மப் பணத்தை ஈட்டியது. 2022-ல் ‘கென்ஷின் இம்பேக்ட்’ விளையாட்டின் தடுப்பு மென்பொருளின் ஒரு பகுதியைப் பயன்படுத்திக் கணினியின் பாதுகாப்பு மென்பொருளை முடக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதல் ஒன்றைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஆட்டக்காரரின் கணினிக்குள் மேலும் மேலும் நுழைவதற்கு முன், சர்வர் பக்கத்தில் செய்யக் கூடியதை நிறுவனங்கள் செய்து முடிக்க வேண்டும். எதிராளி கண்ணுக்குத் தெரியப்போகும் நேரம் வரை அவர் இருப்பிடத்தை அனுப்பாமலே வைத்திருக்கும் ஏற்பாட்டை வேலரண்ட் விளையாட்டே செய்து காட்டியிருக்கிறது. கணினிக்கு வராத தகவலை எந்த வால்ஹேக்காலும் திருட முடியாது. இத்தகைய வடிவமைப்புக்குச் செலவு அதிகம் என்பதால் அதைத் தவிர்த்துவிட்டு, தடைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் நிறுவனம் தன் கடமையில் பாதியைத்தான் செய்கிறது.

இறுதியாக, தங்கள் நாளிதழின் வழியே விளையாட்டு நிறுவனங்களின் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறேன். எத்தனை லட்சம் கணக்குகளைத் தடை செய்தோம் என்பதை அவை அடிக்கடி பெருமையோடு அறிவிக்கின்றன. அவற்றுள் எத்தனை பேர் முறையிட்டார்கள், எத்தனை முறையீடுகளை ஒரு மனிதர் படித்தார், எத்தனை தடைகள் தவறென்று கண்டு நீக்கப்பட்டன என்பதையும் ஆண்டுதோறும் அதே அறிவிப்பில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர் ஒருவர்